வெளிமாநிலத்தில் மீட்கப்பட்ட பெண்ணை வீட்டுக்கு அழைத்து வர: எந்தக் காகிதம், எத்தனை நாள், எவ்வளவு செலவு

இரவு பதினொன்றரை மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இந்தியில் பேசினார்கள். எனக்குப் புரிந்தது என் சித்தி மகளின் பெயரும் 'போலீஸ்' என்ற சொல்லும்தான். பியூட்டி பார்லரில் வேலை, தங்க இடமும் சாப்பாடும் இலவசம் என்று சொல்லி அவளை அழைத்துப் போயிருந்தார்கள். ஏழு மாதமாகச் சரியான தகவல் இல்லை. வெளிமாநில நகரம் ஒன்றில் ரெய்டு நடந்த வீட்டிலிருந்து அவளை மீட்டிருந்தார்கள். அந்த அழைப்பு வந்த நாளிலிருந்து அவள் எங்கள் வீட்டு வாசற்படி ஏற நான்கரை மாதம் ஆனது. சட்டப்படி அவ்வளவு ஆகியிருக்கத் தேவையில்லை. எந்த மேசையில் எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. அதனால்தான் அத்தனை நாட்கள் போயின. உங்கள் வீட்டுக்கோ, பக்கத்து வீட்டுக்கோ இப்படி ஓர் அழைப்பு வந்தால் நீங்கள் அந்த நாட்களை இழக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஊர், பெயர், அடையாளம் எதையும் எழுதவில்லை. ஏன் என்று கடைசிப் படியில் தெரியும்.

படிகளுக்குள் போகும்முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் பார்வையில் அவள் பாதிக்கப்பட்டவள். ஆனால் காகிதத்தில் அது தானாக வந்துவிடாது. முதல் நாள் எழுதப்பட்ட தவறான ஒரு பிரிவு எண்ணோ, தவறான ஒரு வயதோ அடுத்த எல்லா மேசைகளிலும் அவளைக் குற்றவாளியைப்போல நிற்க வைத்துவிடும். ஒவ்வொரு காகிதம் கைக்கு வந்ததும், இதில் அவளை யார் என்று எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

1. அழைப்பு வந்த அன்றே குறித்துக்கொள்ள வேண்டியவை

பதற்றத்தில் நாங்கள் அழுதுகொண்டே இருந்தோம், எதையும் குறித்துக்கொள்ளவில்லை. நீங்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இவற்றைக் கேளுங்கள்: காவல் நிலையத்தின் பெயர், வழக்கின் குற்ற எண், விசாரணை அதிகாரியின் பெயரும் பதவியும், அவள் இப்போது எந்தக் காப்பகத்தில் இருக்கிறாள், எந்த நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தினார்கள், அல்லது எப்போது ஆஜர்படுத்தப் போகிறார்கள். மொழி புரியவில்லை என்றால், தமிழ் தெரிந்தவர் மூலம் மறுபடி அழைக்கிறேன் என்று சொல்லி அந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் அவளிடமே இரண்டு நிமிடம் பேசக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் "என்ன நடந்தது" என்று கேட்க வேண்டாம். "நாங்க வர்றோம், உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொன்னால் போதும். எங்கள் சித்தி அதை மட்டும்தான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் பிறகு நீதிபதியின் முன்னால் வாய் திறந்ததாக அவள் பின்னாளில் சொன்னாள்.

எச்சரிக்கை: நாங்கள் கிளம்புவதற்குள் இன்னொரு அழைப்பும் வந்தது. "பணம் அனுப்புங்க, நாளைக்கே வெளியே எடுத்துடலாம்" என்று சுத்தமான தமிழில் ஒருவர் பேசினார். ரெய்டு நடந்ததும் தரகர்கள் செய்யும் முதல் வேலை இதுதான். காப்பகத்திலிருந்து ஒரு பெண்ணை வெளியே விடும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கோ, 18 வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் நலக்குழுவுக்கோதான் உண்டு. அதற்கு யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

பெண் இன்னும் கிடைக்கவில்லை, ஆபத்தில் இருக்கிறாள் என்று மட்டும் தெரியும் என்றால் 112-க்கு அழையுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098, பெண்களுக்கான உதவி எண் 181. உங்கள் ஊர் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். சம்பவம் வேறு எல்லையில் நடந்தது என்று அவர்கள் திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் பதியக்கூடிய 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு அது. நம் ஊரில் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு பெற்றதற்கான அத்தாட்சி. அது வழக்கு ஆகாது. நாங்கள் அந்த ரசீதை மடித்து வைத்துக்கொண்டு ஏழு மாதம் காத்திருந்தோம். ஆள்கடத்தல் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 199). இதைச் சண்டைபோடாமல், மனுவிலேயே ஒரு வரியாக எழுதுங்கள். அப்போதும் பதியவில்லை என்றால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். காணாமல் போனது சிறுமி என்றால், அதைக் கடத்தலாகவே கருதி எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே உத்தரவிட்டிருக்கிறது.

2. எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி, பிரிவு எண்களைப் படியுங்கள்

நகல் இலவசம். புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் கொடுத்தாக வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைக்கவில்லையே என்று குழம்பாதீர்கள். பாலியல் குற்ற வழக்குகளின் எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்றமாட்டார்கள், ஏற்றவும் கூடாது. நேரில்தான் வாங்க வேண்டும்.

இந்த வழக்குகளில் இரண்டு சட்டங்கள் வரும். ஒன்று 1956-ம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம், காவல் நிலையங்களில் 'ஐ.டி.பி. ஆக்ட்' என்பார்கள். இன்னொன்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா. பழைய சம்பவம் என்றால் அதன் இடத்தில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370, 370ஏ பிரிவுகள் இருக்கும்.

ஐ.டி.பி. சட்டத்தில் 3-வது பிரிவு விபசார விடுதி நடத்துவது, 4 அந்தச் சம்பாத்தியத்தில் வாழ்வது, 5 பெண்ணை அழைத்து வருவது, 6 அடைத்து வைப்பது. இவையெல்லாம் தரகர்மீதும் நடத்துபவர்மீதும் பாயும் பிரிவுகள். 8-வது பிரிவு பொது இடத்தில் அழைப்பு விடுப்பது பற்றியது. அது பெண்ணின்மீதே போடப்படும் பிரிவு. உங்கள் பெண்ணின் பெயர் குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலில், 8-வது பிரிவோடு இருந்தால் அன்றே வக்கீலிடம் போங்கள்.

அடுத்து பாருங்கள், பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவு இருக்கிறதா? ஆள்கடத்தல் அது. குறைந்தது 7 ஆண்டு, சிறுமி என்றால் குறைந்தது 10 ஆண்டு, அதற்குமேல் ஆயுள் வரை தண்டனை. 144-வது பிரிவு, கடத்தப்பட்டவர் என்று தெரிந்தே பாலியல் சுரண்டலுக்குப் பயன்படுத்துவது. அது பணம் கொடுத்து வந்தவர்மீதும் பாயக்கூடியது. எங்கள் வழக்கில் முதலில் ஐ.டி.பி. மட்டும்தான் இருந்தது. "அவங்களே விருப்பப்பட்டுத்தானே வண்டி ஏறினாங்க" என்று ஓர் அதிகாரி சொன்னார். 143-வது பிரிவின் விளக்கத்திலேயே, பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டல்ல என்று எழுதியிருக்கிறது. பொய் சொல்லி அழைத்துப் போனாலே கடத்தல்தான். அந்த வரியைக் காட்டி வக்கீல் மனு கொடுத்த பிறகு 143 சேர்க்கப்பட்டது. இதற்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. இழப்பீடு, பாதுகாப்பு, இலவச சட்ட உதவி என்று பின்னால் வரும் எல்லாமே இந்தப் பிரிவு எண்களைப் பார்த்துத்தான் நகரும்.

3. வயதை நிரூபிக்கும் காகிதம்

பயணப் பையில் முதலில் வைக்க வேண்டியது இதுதான். கடத்திக்கொண்டு போகிறவர்கள் 18 தாண்டியதாகக் காட்டும் போலி ஆதார் அட்டையைத் தயாராக வைத்திருப்பார்கள். அந்தப் பெண்களுக்கும் அதே வயதைச் சொல்லப் பழக்கியிருப்பார்கள். எங்கள் பெண்ணின் பையில் இருந்த அட்டையில் 22 வயது. உண்மையில் அவளுக்கு 18 ஆக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த அட்டையை நம்பி அவளைப் பெரியவர்களுக்கான காப்பகத்தில் வைத்துவிட்டார்கள், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் சேர்க்கப்படவில்லை.

சிறார் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு வயதுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. பிறந்த தேதிக்கு ஆதார் ஆதாரமாகாது. பள்ளியில் டி.சி. தொலைந்துபோயிருந்தால் தலைமை ஆசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டின் சான்றொப்பமிட்ட நகல் கேளுங்கள். எங்களுக்கு அது அரை நாளில் கிடைத்தது, செலவு ஒன்றும் இல்லை. அந்த ஒரு தாள் போனதும் வழக்கில் போக்சோ சேர்ந்தது. அவளையும் குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்தினார்கள். முன்பே கொண்டுபோயிருந்தால் பன்னிரண்டு நாட்கள் மிச்சமாகியிருக்கும். 18 நிரம்பாதவரை மீட்ட 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பதுதான் சட்டம்.

இதோடு எடுத்துப் போக வேண்டியவை: அவளுடைய அசல் ஆதார், குடும்ப அட்டை, பழைய புகைப்படங்கள் (குடும்பத்தோடு சேர்ந்து எடுத்தது), தாய் அல்லது தந்தையின் வாக்காளர் அட்டை, கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வசிப்பிடத்துக்கான சான்று, சி.எஸ்.ஆர். ரசீது இருந்தால் அதுவும். எல்லாவற்றிலும் நான்கு செட் ஜெராக்ஸ். தமிழில் மட்டும் உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் நோட்டரி கையெழுத்தும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தேடி நாங்கள் இரண்டு நாள் அலைந்தோம்.

4. வக்கீலுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12-வது பிரிவு: ஆள்கடத்தலுக்கு ஆளானவர், பெண், குழந்தை ஆகியோருக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்று கேட்டால் தேவையில்லை என்று இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். முதலில் அங்கே மனு கொடுத்து, சம்பவம் நடந்த மாவட்டத்தின் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் நேராக அங்கே போய் மொழி தெரியாமல் நின்றபோது ஒன்றும் நகரவில்லை. இங்கிருந்து போன கடிதத்துக்குப் பிறகுதான் அங்கே ஒரு பெண் வக்கீலை ஒதுக்கினார்கள்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நீதிமன்ற வாசலில் "நான்தான் அந்தப் பொண்ணோட வக்கீல்" என்று ஒருவர் தானாக வந்து நிற்பார். அவரை ஏற்பாடு செய்தது விடுதி நடத்தியவராகவே இருக்கலாம். தரகருக்கு ஆஜராகும் வக்கீல் அதே வழக்கில் மீட்கப்பட்ட பெண்ணுக்கும் ஆஜராகக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் பிரேரணா வழக்கில் 2002-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்படி வந்தவர் கொடுத்த வக்காலத்தில் அவள் கையெழுத்து இருந்தால், அதை ரத்து செய்யக் கோரி அவளே நீதிபதியிடம் வாயால் சொல்லலாம். அம்மா, கணவர், அக்கா என்று சொல்லிக்கொண்டு ஆட்களும் வருவார்கள். குடும்பப் புகைப்படம் அவசியம் என்று சொன்னது இதற்குத்தான்.

5. காப்பகத்திலிருந்து விடுவிப்பு: இங்கேதான் மாதங்கள் போகும்

18 நிரம்பியவர் என்றால் ஐ.டி.பி. சட்டத்தின் 17-வது பிரிவு பொருந்தும். முதல் இடைக்காலப் பாதுகாப்பு 10 நாளுக்கு மேல் போகக் கூடாது. அதற்குப்பின் மாஜிஸ்திரேட் அவருடைய வயது, பின்னணி, வீட்டுக்கு அனுப்பினால் பாதுகாப்பா என்றெல்லாம் விசாரிப்பார். அந்த விசாரணைக் காலத்துக்குக் காப்பகத்தில் வைப்பது 3 வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை முடிவில், பராமரிப்பு தேவை என்று கருதினால் 1 முதல் 3 ஆண்டு வரை பாதுகாப்பு இல்லத்தில் வைக்க உத்தரவிடும் அதிகாரமும் அவருக்கு உண்டு. அந்த உத்தரவை எதிர்த்து செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

ஆனால் வயதுவந்த பெண்ணின் விருப்பம்தான் முதன்மையானது. 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் இட்ட உத்தரவில், விருப்பத்துக்கு மாறாகக் காப்பகங்களில் வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களைக் கண்டறிந்து விடுவிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ரெய்டில் அந்தப் பெண்களைக் கைது செய்வதோ, அபராதம் போடுவதோ, துன்புறுத்துவதோ கூடாது என்று நீதிமன்றம் அமைத்த குழு செய்த பரிந்துரையும் அதே உத்தரவில் இருக்கிறது. வக்கீலிடம் அதன் நகல் வேண்டும் என்று கேளுங்கள். இதைக் குடும்பத்தாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். வீட்டுக்கு வர விருப்பமில்லை, வேறு இடத்தில் இருக்கிறேன் என்று அவர் சொன்னால், அதையும் கேட்க வேண்டும். அழைத்துப் போனவர் சொந்தக்காரர் என்றால் அவர் ஏன் தயங்குகிறார் என்பது உங்களுக்கே புரியும். அப்படிப்பட்டவர்களுக்கு மத்திய அரசின் மிஷன் சக்தி திட்டத்தில் சக்தி சதன் இல்லங்கள் இருக்கின்றன. அவசரத்துக்குச் சில நாட்கள் தங்க ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு, நம் ஊரில் 'சகி' மையம் என்கிறார்கள்.

18 நிரம்பாதவர் என்றால் மாஜிஸ்திரேட்டுக்குப் பதில் குழந்தைகள் நலக்குழு முடிவு செய்யும். இரண்டிலும் நாட்களைத் தின்பது ஒரே காகிதம்தான்: வீட்டு விசாரணை அறிக்கை. அங்கிருக்கும் குழுவோ நன்னடத்தை அலுவலரோ, உங்கள் மாவட்டத்துக்கு எழுதுவார்கள். இங்கிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். குடும்பம் எப்படி, அழைத்துப் போனவரோடு தொடர்பு உண்டா, மறுபடி ஆபத்து வருமா என்று எழுதி அனுப்புவார். எங்கள் கோப்பு இரண்டு மாதம் ஓர் அலுவலகத்தின் தபால் கட்டில் கிடந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் காப்பகத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு அது அறுபது இரவு.

இதைச் சுருக்க நாங்கள் பிற்பாடு கற்றுக்கொண்டது: அங்கே கேட்புக் கடிதம் கிளம்பிய அன்றே அதன் எண்ணையும் தேதியையும் வாங்குங்கள். மின்னஞ்சலிலும் அனுப்பக் கோருங்கள். அதே எண்ணைக் குறிப்பிட்டு உங்கள் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் (பெரியவர் என்றால் மாவட்ட சமூகநல அலுவலகத்தில்) நேரில் ஒரு மனு கொடுத்து, பெற்ற முத்திரை வாங்குங்கள். விசாரிக்க வருகிறவரிடம் எதையும் மறைக்காதீர்கள். அழைத்துப் போனவர் உறவினர் என்பதை எங்கள் வீட்டில் முதலில் மறைத்தார்கள். அது பிறகு தெரிந்ததும் இரண்டாவது அறிக்கை கேட்டார்கள், மேலும் மூன்று வாரம் போனது. உண்மையைச் சொல்லி, அவர் இனி வீட்டுக்கு வரமாட்டார், அவர்மீது புகார் கொடுத்திருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் முதல் அறிக்கையே போதுமானதாக இருந்திருக்கும்.

விடுவிப்பு உத்தரவு வந்ததும், வயதுவந்தவர் என்றால் "தன் விருப்பப்படி செல்ல அனுமதிக்கப்படுகிறார்" என்ற பொருளில் வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுமி என்றால் சொந்த மாவட்டக் குழுவுக்கு மாற்றும் உத்தரவும், பெண் காவலர் துணையோடு பயணமும் கேட்கலாம்.

6. மருத்துவம்

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனை மட்டுமல்ல, தனியார் மருத்துவமனையும் உடனே இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். எச்.ஐ.வி. பரிசோதனை அவருடைய சம்மதத்தோடுதான். 'இரண்டு விரல் பரிசோதனை' கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் மறுபடியும் கண்டித்திருக்கிறது. கடைசிச் சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை உடனே கேட்டு வாங்குங்கள், அதற்குப்பின் பயன் இல்லை. கர்ப்பம் என்றால் 24 வாரம் வரை கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. மருத்துவ அறிக்கையின் நகல் இழப்பீட்டு மனுவுக்குத் தேவைப்படும். டிஸ்சார்ஜ் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

7. நீதிபதி முன் வாக்குமூலம்

நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-வது பிரிவில் மாஜிஸ்திரேட் பதியும் வாக்குமூலம் இது. வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. அவசரப்படுத்த விடாதீர்கள். தூக்கம் இல்லாமல், அடிபட்ட பயத்தோடு ரெய்டு நடந்த மறுநாளே கொடுத்த வாக்குமூலத்தில் எங்கள் பெண் "நானாகத்தான் வந்தேன்" என்று சொல்லியிருந்தாள். காவல் நிலையத்தில் அவளுக்கு மொழிபெயர்த்தது அதே கட்டடத்தில் சமையல் வேலை பார்த்த பெண். அந்தப் பெண் எதிரில் இருக்கும்போது அவள் வேறு என்ன சொல்லியிருப்பாள்?

ஆகவே, நடுநிலையான தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள். ஐ.டி.பி. சட்டப்படி மீட்கப்பட்ட பெண்ணைப் பெண் காவல் அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். அவர் இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற நல அமைப்பின் பெண் உறுப்பினர் உடனிருக்க வேண்டும். சிறுமியிடம் சீருடை அணியாமல்தான் பேச வேண்டும், அவளுக்கு ஓர் ஆதரவு நபரையும் குழு நியமிக்கலாம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் காவல்துறை உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

8. இழப்பீடு

தண்டனை கிடைத்தால்தான் இழப்பீடு என்று எங்களிடம் மூன்று பேர் சொன்னார்கள். மூவரும் சொன்னது தவறு. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் கோரலாம். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-வது பிரிவும், 2018 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் பெண்களுக்கான இழப்பீட்டுத் திட்டமும் இதற்கு அடிப்படை. திட்டத்தின் அட்டவணையில் பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம், மறுவாழ்வு தேவைப்படும் கடுமையான உடல் அல்லது மனக் காயத்துக்கு 1 முதல் 2 லட்சம், வன்கொடுமையால் ஏற்பட்ட கர்ப்பத்துக்கு 3 முதல் 4 லட்சம். 18 நிரம்பாதவர் என்றால் இந்த வரம்புகள் 50 சதவீதம் கூடும்.

எஃப்.ஐ.ஆரில் ஐ.டி.பி. மட்டும் இருந்தால் இந்த அட்டவணைக்குள் நுழைவதே கஷ்டம் என்பது இப்போது புரியும். சம்மதமில்லாமல் நடந்தது வன்கொடுமை, அதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 64-வது பிரிவோ, சிறுமி என்றால் போக்சோவோ வழக்கில் இருக்க வேண்டும்.

மனுவை எங்கே கொடுப்பது? குற்றம் நடந்த மாவட்டத்தின் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில். நாங்கள் இங்கே கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம், அது திரும்பி வந்தது. போக்சோ வழக்கு என்றால் சிறப்பு நீதிமன்றமே உத்தரவிடும், உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் பணம் தரப்பட வேண்டும். சிறுமியின் உடனடித் துணி, சாப்பாடு, பயணச் செலவுக்குக் குழந்தைகள் நலக்குழு தனியாகப் பரிந்துரைக்கலாம். ஒரு வாரத்துக்குள் வர வேண்டிய பணம் அது. கேட்காதவர்களுக்கு வருவதில்லை.

மனுவோடு எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவ அறிக்கை, அடையாளச் சான்று, அவள் பெயரிலேயே உள்ள வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் வேண்டும். கட்டணம் கிடையாது. சம்பவத்திலிருந்தோ விசாரணை முடிந்ததிலிருந்தோ 3 ஆண்டுக்குள் கொடுக்கலாம், தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கவும் முடியும். 60 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். மனுவிலேயே 'இடைக்கால இழப்பீடு' என்ற கோரிக்கையைத் தனி வரியாக எழுதுங்கள். அது அதிகபட்சத் தொகையில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, முழுவதும் கையில் கிடைக்கும். இறுதித் தொகையில் வயதுவந்தவருக்கு 75 சதவீதம் குறைந்தது 3 ஆண்டு வைப்புத்தொகையாகப் போகும், 25 சதவீதம் உடனே எடுக்கலாம். சிறுமிக்கு 80 சதவீதம் வைப்பில் இருக்கும். உத்தரவு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மாநில ஆணைக்குழுவுக்கு மேல்முறையீடு.

வங்கிக் கணக்கு அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ வேண்டாம். 'வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு' என்று வருபவரிடம் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

காகிதங்களை எல்லாம் பறிகொடுத்த வயதுவந்த பெண்ணுக்கு ஆதார் எடுப்பது கஷ்டம் என்றால், முகவரிச் சான்று இல்லாமலே மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் தரும் சான்றைக் கொண்டு ஆதார் வழங்கலாம் என்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கின் அதே 2022 உச்ச நீதிமன்ற உத்தரவு வழி செய்திருக்கிறது. அந்தச் சான்றால் அவருடைய பின்னணி வெளியே தெரியக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது.

9. பலருக்குத் தெரியாத விடுதலைச் சான்று

கடன் சொல்லியோ முன்பணம் கொடுத்தோ அடைத்து வைத்திருந்தால் அது கொத்தடிமை முறையும்கூட. மத்திய அரசின் கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தில், விபசார விடுதி, மசாஜ் பார்லர் போன்ற இடங்களிலிருந்து மீட்கப்பட்ட பெண்ணுக்கு 3 லட்சம் ரூபாய் வரை இடம் இருக்கிறது. முதலில் 30 ஆயிரம் வரை உடனடி உதவி. மீதித் தொகை வழக்கின் முடிவைப் பொறுத்தது. இதற்குத் தேவை மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ தரும் விடுதலைச் சான்று. மீட்ட மாவட்டத்திலேயே, ஊர் திரும்பும் முன் விண்ணப்பித்துவிடுங்கள். நாங்கள் கேள்விப்பட்டது வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து. அதற்காக மறுபடி ரயில் ஏறினோம்.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: வக்கீல், எஃப்.ஐ.ஆர்., மருத்துவம், இழப்பீட்டு மனு எதற்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. ஐந்து முறை இரண்டு பேர் போய்வந்த ரயில் டிக்கெட், தங்குமிடம், நோட்டரி, ஜெராக்ஸ், போன் என்று எங்கள் கையைவிட்டுப் போனது சுமார் 40 ஆயிரம். இப்போது தெரிந்ததெல்லாம் அப்போதே தெரிந்திருந்தால் இரண்டு பயணம் போதும். சித்தப்பாவின் கூலி போன நாட்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

10. ஊருக்கு வந்த பிறகு

வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம், 2 ஆண்டு வரை சிறை (நியாய சன்ஹிதா, பிரிவு 72). போக்சோவிலும் அது குற்றம்தான். உள்ளூர் வாட்சப் குழுவில் படம் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். சம்மன் கொடுக்க வரும் காவலர் தெருவில் நின்று வழக்கு விவரம் பேசுவதையும் தடுக்கலாம். சீருடை இல்லாமல் வரச் சொல்லி நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

அழைத்துப் போனவர் ஜாமீனில் வந்துவிட்டால் மிரட்டல் தொடங்கும். 2018-ல் உச்ச நீதிமன்றம் நடைமுறைக்குக் கொண்டுவந்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுக்கலாம். காவல்துறை 5 வேலை நாட்களுக்குள் அச்சுறுத்தல் மதிப்பீட்டு அறிக்கை தர வேண்டும். வீட்டுக்கு ரோந்து, எண் மாற்றம், விசாரணை நாளில் துணைக்காவல் எல்லாம் இதில் அடங்கும். மிரட்டல் அழைப்புகளின் தேதி, நேரத்தை அதே முதல் நாள் நோட்டில் எழுதி வையுங்கள்.

சாட்சி சொல்ல அங்கே போக வேண்டியிருந்தால் நீதிமன்றமே பயணப் படி தரும். பேட்டா என்று கேட்டால் புரியும். டிக்கெட்டை வைத்திருங்கள். காணொலியில் சாட்சி சொல்ல அனுமதி கேட்டு வக்கீல் முன்கூட்டியே மனு போடலாம். எங்கள் பெண் இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் ஓர் அறையில் அமர்ந்து, எதிரிகள் முகத்தைப் பார்க்காமல் ஒன்றே கால் மணி நேரம் பேசினாள். இந்த முறை அவள் பேசியதைத் தமிழ் தெரிந்த ஒருவர்தான் மொழிபெயர்த்தார்.

வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடும். போன் எண்ணோ வீடோ மாறினால் அரசு வக்கீலுக்கும் விசாரணை அதிகாரிக்கும் உடனே எழுத்தில் சொல்லுங்கள். சம்மன் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பினால், சாட்சி வரவில்லை என்று பதிவாகும். எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்த வாய்தா தேதியும், வைப்புத்தொகை முதிரும் தேதியும் இருக்கின்றன. இரண்டையும் அவளே தன் கையால் எழுதி வைத்திருக்கிறாள்.